உமிச்சாம்பலோடு ஷார்ஜாவுக்கு

ஷார்ஜா விமான நிலையத்துச் சுங்க அதிகாரி என் டிரம்மின் மூடியைத் திறந்து, பேனாவை உள்ளே விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்.

"சாம்பல்" என்றேன். "நெல் உமியை எரித்த சாம்பல்."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அரபியில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற மலையாளி ஒருவர், நான் கேட்காமலே மொழிபெயர்த்தார்: இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஊறுகாய் கொண்டு வருவார்கள், மாம்பழம் கொண்டு வருவார்கள், இந்தப் பெண் அடுப்பைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுப்பைக் கூட்டி அள்ளியது என்னவோ உண்மைதான். மன்னார்குடிக்கு வெளியே ஓர் அரிசி ஆலையின் பாய்லர் அடுப்புச் சாம்பல் அது. ஆனால் அதற்கப்புறம் அதை நாங்கள் படுத்திய பாட்டை அந்த மனிதரிடம் எந்த மொழியில் சொல்வது? என்னை வரச்சொன்ன ஷார்ஜாத் தொழிற்சாலையின் கடிதத்தைக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு விட்டுவிட்டார்.

இங்கே கொஞ்சம் ரசாயனம் சொல்லித்தான் ஆகவேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வாழைப்பழ மணம், அன்னாசி மணம், மல்லிகை மணம் எல்லாவற்றுக்கும் பின்னால் எஸ்டர் என்ற குடும்பம் இருக்கிறது. ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் பிறக்கும், கூடவே கொஞ்சம் தண்ணீர். தானாக நடக்கட்டும் என்று விட்டால் அது எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அதனால் விரட்டுவதற்கு ஒரு வினையூக்கி வேண்டும். காலங்காலமாக அதற்குக் கந்தக அமிலத்தை ஊற்றுகிறார்கள். வேலை விறுவிறுவென்று நடக்கும், ஆனால் வேலை முடிந்த பிறகும் அந்த அமிலம் சரக்கோடு கலந்தே கிடக்கும். சோடா போட்டு அடக்கி, கழுவி, அந்தக் கழிவு நீரை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டவேண்டும். விருந்து முடிந்தும் கிளம்பாத விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது வேறு. உமிச்சாம்பலில் இருக்கும் சிலிக்காவைச் சுத்தமாக எடுத்து, அதன் மேல் அமிலத்தை ஒட்டவைத்து, குருணை மாதிரி மணிமணியாக ஆக்கினோம். அது கரையாது. வேலை முடிந்ததும் சோறு வடிக்கிற மாதிரி வடித்து எடுத்துவிடலாம். சரக்கு ஒரு பக்கம், வினையூக்கி ஒரு பக்கம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் தியாகராஜன் சார், பம்பாயில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு மன்னார்குடிக்கு வந்து, அந்த அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டவர். இன்னொருத்தி நான். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய்த்தான் என்னை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தார். நாடு உலக வணிகத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட காலம் அது. என்னோடு படித்தவர்கள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நான் பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போய்ச் சாம்பல் சலித்தேன். சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

ஷார்ஜாவில் மல்லிகை மண எஸ்டர் செய்கிற ஒரு தொழிற்சாலை, எங்கள் சாம்பலைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான். கந்தக அமிலம் ஒரு ஷிப்டில் முடிக்கிற வேலையைச் சாம்பலும் ஒரு ஷிப்டில் முடிக்கவேண்டும். முடித்தால் மாதாமாதம் வாங்கிக்கொள்வார்கள். முடிக்காவிட்டால் கொட்டகையை மூடவேண்டியதுதான். சார் இதை ஒளிக்காமல் சொல்லியே என்னை அனுப்பினார்.

விமான நிலையத்திலிருந்து டாக்சி. ஓட்டுநர் பெஷாவர்க்காரர், நல்ல மனிதர், வழி மட்டும் தெரியாது. அங்கே தொழிற்பேட்டைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவர் வேறொரு எண்ணில் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சலாம் போட்டுப் போய்விட்டார். வாசலில் விசாரித்தால் அது கோழித்தீவனம் அரைக்கிற இடம். இரண்டு டிரம், ஒரு பெட்டி, தலைக்கு மேல் வெயில். எங்கள் ஊரில் வழி கேட்டால் ஏழு பேர் ஏழு வழி சொல்வார்கள், கடைசியில் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே வருவார். இங்கே கேட்பதற்கே ஆளில்லை. தீவனக் கம்பெனியின் வங்காளிப் பையன்கள் ஒரு தள்ளுவண்டி கொடுத்தார்கள். அதற்கு ஒரு சக்கரம் சுற்றாது. இடுப்பு ஒடிய அதைத் தள்ளிக்கொண்டு போனபோது, திடீரென்று காற்றில் மல்லிகை வாசம் வந்தது. சுற்றிலும் மணலும் தகரமும்தான். ஒரு செடி இல்லை, ஒரு பூ இல்லை, மன்னார்குடி கீழராஜவீதிப் பூக்கடை மாதிரி வாசம் மட்டும் வருகிறது. இடம் இதுதான் என்று தெரிந்துவிட்டது.

தலைமை என்ஜினியர் ஹாதிம் எகிப்துக்காரர். தடித்த மீசை, எதையும் நம்பாத கண். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் எங்கே?" என்றார்.

"டாக்டர் யாருமில்லை. நான்தான்" என்றேன்.

டிரம்மைத் திறந்து பார்த்தார். அவரும் விமான நிலையக்காரர் சிரித்த அதே சிரிப்பைச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதுவரைக்கும் நல்லது.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் ஜலால் பாய். ரியாக்டர் என்கிற பெரிய மூடிய கொப்பரையின் மேல்தளத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை அவருக்கு. நான் ஹாதிமிடம் இங்கிலீஷில் தடுமாறியதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சிக்கு எந்த ஊரு?"

"மன்னார்குடிங்க."

"அட, நான் கூத்தாநல்லூரு! மன்னார்குடி தெப்பக்குளத்துல நான் விழுந்து எந்திரிக்காத படி கெடையாது. சாப்டீங்களா?"

சாப்பிடவில்லை. காலையில் விமான நிலையத்தில் கிடைத்த ரொட்டி, வாயில் போட்டால் ரப்பர் மாதிரி இழுத்தது. தொட்டுக்கொள்ளக் கொடுத்த கொண்டைக்கடலை விழுது மட்டும் நன்றாக இருந்தது, அதை வெறுமனே தின்றேன். மத்தியானம் ஜலால் பாய் தன் அறை நண்பர்கள் சமைத்த நெய்ச்சோறும் தாளிச்சாக் குழம்பும் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்தார். அரிசி மட்டும் நீளமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கிடந்தது. "இந்த அரிசிக்கு வயிறு நிறையாது தங்கச்சி. நம்ம ஊரு புழுங்கலரிசிச் சோறு ரெண்டு கவளம் போதும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் தாளிச்சாவில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் சோதனை. சாம்பலை மொத்தமாகக் கொட்டினால் பொங்கிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். ஒரு படிக்கு என்ன எடை என்று ஊரிலேயே பார்த்துவைத்து, மன்னார்குடிக் கடைத்தெருவில் வாங்கிய எவர்சில்வர் படியையே கையோடு எடுத்து வந்திருந்தேன். ஒரு வேலைக்குப் பத்துப் படி. ஒரு டிரம்முக்குப் பத்துப் படி. இரண்டு டிரம், இரண்டு வேலைக்கு. ஜலால் பாய் படியில் அள்ளித் தலைதட்டிப் போடுவது, ஹாதிம் பலகையில் கோடு போட்டுக் கணக்கு வைப்பது என்று ஏற்பாடு. நானும் மேலேதான் நின்றேன். ஆரம்பிக்கிற நேரத்தில், குளிர்விக்கிற தண்ணீர் வரவில்லை என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். ஓடினேன். வால்வைச் சரிசெய்து நான் மேலே ஏறுவதற்குள் சாம்பலைப் போட்டு மூடியாயிற்று.

அப்புறம் காத்திருக்கிற வேலை. எஸ்டர் பிறக்கும்போது கூடவே தண்ணீரும் பிறக்கிறது என்றேன் அல்லவா, அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்றால் எஸ்டர் திரும்ப உடைந்துவிடும். வடிகால் அடைத்த வயலில் பயிர் அழுகுவது மாதிரிதான். அதனால் அதை, சரக்கோடு கலந்திருக்கும் கரைப்பானோடு சேர்த்து ஆவியாக்கி, குளிரவைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் வாங்குவோம். குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். கணக்கிட்ட கோட்டைத் தொட்டு நின்றுவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். ஆனி மாதத்தில் வாய்க்கால் தலைப்பில் போய் நின்று, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற பரம்பரை என்னுடையது. இங்கே ஒரு கண்ணாடிக் குழாயின் முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் வெளியேறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷிப்ட் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் தண்ணீர் கோட்டைத் தொட்டு நின்றது. மேலும் ஏறவில்லை. ஹாதிம் சரக்கை எடுத்துச் சோதித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அமிலம் போட்டுச் செய்தால் லேசாக மஞ்சள் தட்டும். இது தண்ணீர் மாதிரி இருந்தது. "முதலாளியிடம் நாளைக்குச் சொல்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ ஒரு தட்டில் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாருக்குப் போன் செய்ய அனுமதி கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே, பொருள்களை எடுத்துவைக்க மேல்தளத்துக்குப் போனேன்.

அங்கே இரண்டாவது டிரம்மின் சீல் உடைந்திருந்தது.

ஜலால் பாயைக் கூப்பிட்டேன். "பாய், இந்த டிரம்ம யாரு தொறந்தா?"

"நான்தான். ஒரு படி கொறஞ்சுதுல்ல, அதுக்கு."

"எப்படிக் கொறையும்? எப்படி எண்ணுனீங்க, சொல்லுங்க."

"எப்பவும் எண்ணுறாப்லதான். பிஸ்மில்லா, லாபம், ரெண்டு, மூணு... பத்து சொல்லி முடிச்சேன். இன்னும் ஒண்ணு போடுன்னாரு என்ஜினியரு. பலகையைக் காட்டுனாரு, ஒம்போது கோடுதான் இருந்துச்சு. பெரியவரு சொல்றாரு, நாமதான் சத்தத்துல விட்டுட்டோம்னு நெனச்சேன்."

எனக்கு விளங்கிவிட்டது. ஜலால் பாயின் அத்தா, அதாவது அப்பா, கூத்தாநல்லூரில் தானிய மண்டி வைத்திருந்தவர். நெல் அளக்கும்போது எங்கள் பக்கத்தில் யாரும் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். முதல் அளவைக்கு லாபம் என்றுதான் பெயர், அடுத்தது ரெண்டு. ஹாதிமுக்கு இத்தனை வருடத்தில் ஆட்கள் எண்ணக் கேட்டுக் கேட்டுத் தமிழ் எண்கள் அத்துப்படி. ஆனால் பிஸ்மில்லாவுக்கு அடுத்து வந்த லாபத்தையும் அவர் ஒரு வேண்டுதல் என்று நினைத்து, ரெண்டு என்று கேட்டபிறகுதான் முதல் கோடு போட்டிருக்கிறார்; ஒன்று என்ற எண்ணே காதில் விழாததால் ஒரு படி விட்டுப்போயிற்று என்று முடிவுகட்டியிருக்கிறார்.

ஒரு படி அதிகம். அந்த ஒரு படிதான் சங்குக்கு முன்னால் வேலையை முடித்ததா, இல்லாவிட்டாலும் முடிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. 

ஜலால் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விட்டுடுங்க தங்கச்சி. கூடப் போட்டா குத்தமா? யாருக்குத் தெரியப்போவுது?"

"ஊருலேர்ந்து சரக்கு வர்றப்ப ஒரு வேலைக்குப் பத்துப் படிதான் பாய் வரும். அன்னைக்குச் சங்கு ஊதியும் வேலை முடியலேன்னா, தஞ்சாவூர்க்காரங்க ஏமாத்திட்டாங்கன்னுதானே சொல்லுவாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "வாங்க, நானும் வாரேன்" என்றார்.

ஹாதிம் கேட்டுவிட்டு முதலில் கோபப்பட்டார். தன் கணக்கு தப்பு என்று ஒரு பெண் சொல்கிறாளே என்ற கோபம். ஜலால் பாய் லாபத்தை விளக்கினார், பாதி இந்தி, பாதி அரபி, மீதி கை. ஹாதிம் பலகையை எடுத்துக் கோடுகளைத் திரும்ப எண்ணினார். நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்றைய சோதனை செல்லாது" என்றார். "நாளைக்கு மறுபடி. அதற்கு அடுத்த நாள் ரியாக்டரில் வேறு சரக்கு ஏறுகிறது."

"இரண்டாவது டிரம்மில் ஒன்பது படிதான் இருக்கிறது. இன்று போட்டதிலிருந்து ஒரு படி வடித்துச் சேர்த்துக்கொள்கிறேன்."

"கலப்படம் வேண்டாம்." மீசையை நீவிக்கொண்டார். "திரும்பத் திரும்பப் பயன்படும் என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்று வேலை செய்ததையே போடுங்கள். பழசு மட்டும், பத்துப் படி."

எழுதியிருந்தோம்தான். கொட்டகையில் சின்னக் குடுவையில் செய்து பார்த்திருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் வேகம் கொஞ்சம் குறையும். பெரிய ரியாக்டரில், ஒரு தடவை உழைத்துக் களைத்த சாம்பல் பத்தே படியில் ஷிப்டுக்குள் முடிக்குமா? முடியாது என்று என் மனசே சொன்னது. சரி என்று வாய் சொல்லிவிட்டது.

சரக்கை வடித்தோம். துணியில் நின்ற சாம்பல் அத்தனையும் மல்லிகை வாசம். வேலை எந்தக் கரைப்பானில் நடந்ததோ அதிலேயே அலசி, தட்டுகளில் பரப்பி, அவர்களுடைய உலர்த்தும் அடுப்பில் விடியும்வரை வைத்தேன். காலையில் எடுத்தபோது சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது இருந்ததைவிட உதிரியாக இருந்ததை விரல் உணர்ந்தது. அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

இந்தத் தடவை நான் மேல்தளத்தைவிட்டு அசையவில்லை. ஜலால் பாய் படியை அள்ளினார். "பிஸ்மில்லா." ஹாதிம் பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். "லாபம்." ஹாதிம் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

கண்ணாடிக் குழாயின் முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் ஜலால் பாய் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. தண்ணீர் ஏறியது. நேற்றைவிட மெதுவாகவா வேகமாகவா என்று புரியவில்லை, பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. கொட்டகையின் தகரக் கதவு, அதில் சார் சாக்பீஸால் எழுதிவைத்த கணக்கு, பாய்லர் புகை என்று என்னென்னவோ நினைவு வந்தது. ஹாதிம் ஐந்தாறு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக வந்தவர் போகவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

தண்ணீர் கோட்டைத் தொட்டது. நின்றது. நான் குழாயை விரலால் தட்டிப் பார்த்தேன். ஏறவில்லை.

ஹாதிம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. நேற்று இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

"ஒரு படி குறைவு. அதுவும் பழசு" என்றார். "எப்படி முந்தியது?"

அந்த நேரத்தில்தான் காலையில் விரல் உணர்ந்தது மூளைக்கு ஏறியது. டிரம்மைச் சுங்கத்தில் திறந்துவைத்துச் சிரித்தார்கள், பிறகு ஹாதிம் திறந்து பார்த்தார். கடலோரக் காற்றின் ஈரத்தை எல்லாம் புதுச் சாம்பல் குடித்திருக்கிறது. தண்ணீரை விரட்டவேண்டிய சாம்பல் தானே தண்ணீரைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போயிருக்கிறது. பழையதை நான் விடியவிடிய உலர்த்தினேன், அதற்கு அந்தச் சுமை இல்லை. சொன்னேன். ஹாதிம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, முதலாளி தயாராக எழுதிவைத்திருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட என்றார். உலர்த்திவிட்டுப் போடவேண்டும் என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னார்.

கர்வப்பட்டேன். அடக்கமாக எழுதவேண்டும் என்று நினைத்துத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன், வரவில்லை. எங்கள் உமி, எங்கள் பாய்லர் அடுப்பு, எங்கள் கொட்டகை, என் கை. ஜலால் பாய் அன்று தொழிற்சாலை முழுக்க, எங்க ஊருப் பொண்ணு, எங்க ஊருப் பொண்ணு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வந்தவர் போனவர் எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார், ஏதோ அவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி.

திரும்பும்போது டாக்சிக்காரர் வழி தவறவில்லை. விமான நிலையத்தில் என் பெட்டியை யாரும் திறக்கவில்லை. திறந்து சிரித்திருந்தால் நானும் கூடச் சிரித்திருப்பேன்.

முதல் சரக்கு அனுப்புகிற அன்று அம்மாவைக் கொட்டகைக்கு அழைத்து வந்தேன். லாபத்தால் வந்த வம்பை ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தேன், இருமல் வருகிற வரைக்கும் சிரித்திருந்தார். இப்போது உலர்ந்த சாம்பலையும் திறந்த டிரம்மையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"களத்துல கூலி நெல்லு போடுறப்ப பண்ணையோட காரியக்காரருதான் அளப்பாரு" என்றார். "நான் முந்தானையை ஏந்திக்கிட்டு நிப்பேன். லாபம்னுதான் ஆரம்பிப்பாரு. என் முந்தானையில வுழுவுற நெல்லு யாருக்குடா லாபம்னு நெனச்சுக்குவேன். கேட்டதில்ல."

தியாகராஜன் சார் எவர்சில்வர் படியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "நீங்க ஆரம்பிச்சு வைங்கம்மா."

"நானா? நான் அளந்ததே இல்லீங்களே."

அம்மாவுக்குக் கையுறை மாட்டிவிட்டேன், பெரிதாக இருந்தது. அவர் குனிந்து படி நிறைய அள்ளினார். மேலே கோபுரமாக நின்றது. "தலைதட்டணும்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? எனக்குத் தட்டித்தானே போட்டாங்க."

தட்டினார். படியை டிரம்முக்கு மேலே கொண்டுபோய், கவிழ்ப்பதற்கு முன்னால் எங்கள் இருவரையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொட்டகையைத் தாண்டி அரிசி ஆலை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"லாபம்!"